காதால் வைத்த டைமிங்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் இங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, திடமாக இருக்க வேண்டும். ஒரு குறையும் இல்லை என்று கைப்பழக்கத்தில் எழுதிவிட்டேன், அடித்தால் அசிங்கமாகிவிடும் என்று அப்படியே விடுகிறேன். குறை ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. நீ என்னோடு பேசி இரண்டு மாதம் ஆகிறது. போன் போட்டால் அம்மாவோடு மட்டும் பேசுகிறாய், அப்பா எப்படி என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. ஏன் என்று அம்மாவைக் கேட்டால், உங்களுக்கே தெரியும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சத்தியமாக எனக்குத் தெரியாது கண்ணு. போன ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது, அதுவும் நம் காரால். கிழவன் காரைப் பற்றி ஆரம்பித்துவிட்டான் என்று மடித்து வைத்துவிடாதே, முழுக்கப் படி.

நம் பெரியவருக்கு (காரைத்தான் சொல்கிறேன், உன்னைவிடப் பத்து வயது மூத்தவர், மரியாதை வேண்டாமா) ஐந்து வாரமாக உடம்பு சரியில்லை. மேட்டில் ஏறினால் மூச்சு வாங்குகிறார், சூடு முள் சிவப்பைத் தொடுகிறது, சூடாக இருக்கும்போது செல்ஃப் அடித்தால் இன்ஜின் முரண்டு பிடித்து எதிர்த்து உதைக்கிறது. பாயின்ட்டை மாற்றினேன், பிளக்கைத் தேய்த்தேன், கார்புரேட்டரைப் பிரித்துப் பழைய செய்தித்தாளில் பரப்பி வைத்து அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில், ஐந்து வாரத்துக்கு முன் நானே வைத்த டைமிங்கில் மறுபடியும் கை வைத்தேன். பிளக்கில் பொறி விழுகிற நேரம் அது. ஒரு இமைப்பொழுது முந்தினால் மேலே ஏறி வருகிற பிஸ்டனின் தலையிலேயே அடி விழும், பிந்தினால் இழுவை இருக்காது. நான் அதை எப்படி வைப்பேன் என்று உனக்குத் தெரியும். பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிட்டுக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டரைத் தளர்த்தி, கொஞ்சம் முன்னால் திருப்பி, மேம்பாலத்தில் ஏற்றிப் பார்ப்பேன். இன்ஜின் கடகடவென்று தட்டுகிறவரை திருப்பிக்கொண்டே போய், தட்டல் கேட்டதும் ஒரு நூல் பின்னால் வாங்கி முடுக்கிவிடுவேன். அச்சகத்தில் முப்பது வருஷம் மெஷினைக் காதாலேயே ஓட்டியவனுக்குக் கருவி எதற்கு என்று கண்டவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டதும் நான்தான். இந்தத் தடவை எவ்வளவு திருப்பியும் தட்டல் வரவில்லை. அடடா, இன்ஜின் என்ன அமைதி என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டு இன்னும் இரண்டு நூல் திருப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவை ஏற்றிக்கொண்டு மேம்பாலத்துக்குப் போனேன். பாதி மேடு ஏறியிருப்போம், என்னங்க இது, டப்பாவுல ஆணியைப் போட்டுக் குலுக்குற மாதிரி சத்தம் என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. உன் வளையல் சத்தம்தான் என்றேன். அவளும் சளைத்தவளா, எட்டு வளையலையும் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து மடியில் வைத்துக்கொண்டு, இப்ப ஏத்துங்க என்றாள். ஏற்றினேன். இப்பவும் குலுக்குது என்றாள். எனக்கு ஒரு சத்தமும் இல்லை. வாக்குவாதம் முற்றி, பாலத்தடியில் இருக்கிற பாட்டரிக் கடைக்காரரிடம் பஞ்சாயத்துக்குப் போனோம். அவர் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, யார் சார் டைமிங் வச்சது என்றார். நான்தான் என்றேன். எதை வச்சு வச்சீங்க என்றார். காதை வச்சு என்றேன். அவர் அம்மாவைப் பார்த்தார், அம்மா ரேடியேட்டரைப் பார்த்தாள்.

பிறகு அவர் துப்பாக்கி மாதிரி ஒரு லைட்டைக் கொண்டு வந்தார். அதன் கிளிப்பை முதல் பிளக்கின் வயரில் மாட்டினார், இன்ஜின் முன்னால் பெல்ட்டைச் சுற்றுகிற சக்கரமான புல்லியில் இருக்கிற வெட்டில் சாக்பீஸால் கோடு போட்டார், இன்ஜினை ஓட விட்டார். அங்கே பொறி விழும்போதெல்லாம் இங்கே லைட் மின்னும், அவ்வளவுதான் சூட்சுமம். ஆனால் நான் பார்த்ததை எப்படிச் சொல்வேன்! புல்லி நிமிஷத்துக்கு எண்ணூறு சுற்றுச் சுற்றுகிறது, விரல் பட்டால் விரல் போய்விடும், அதன் மேல் லைட்டை அடித்ததும், அம்மாடி, அது நின்றுவிட்டது. ஃபேன் காற்று முகத்தில் அடிக்கிறது, பெல்ட் ஓடுகிறது, அந்த வெள்ளைக் கோடு மட்டும் சுவரில் கிழித்த கோடாக அசையாமல் நிற்கிறது. எனக்குக் கை மயிரெல்லாம் சிலிர்த்துவிட்டது. இத்தனை காலம் குனிந்து பார்த்த இன்ஜினுக்குள் இப்படி ஒரு நொடி இருக்கிறது, அதைக் கண்ணால் பார்க்கலாம் என்று எனக்குத் தெரியவே தெரியாது. அம்மா நான் பிடிக்கிறேன் என்று லைட்டை வாங்கிக்கொண்டு, வாயைத் திறந்தபடி நின்றாள். புல்லி பக்கத்தில் இருக்கிற அளவில் பத்து டிகிரியில் நிற்க வேண்டிய கோடு இருபத்தைந்தைத் தாண்டி நின்றது. நான் டிஸ்ட்ரிபியூட்டரை மெதுவாகத் திருப்பத் திருப்ப, கோடு ஒவ்வொரு நூலாக நடந்து வந்து தன் இடத்தில் நின்றது. இன்னும் ஒரு மாசம் இப்படியே ஓட்டியிருந்தா பிஸ்டன்ல ஓட்டை விழுந்திருக்கும் சார், இனிமே லைட் இல்லாம தொடாதீங்க என்றார் கடைக்காரர்.

திரும்ப மேடேறினோம். பெரியவர் சிரமமே இல்லாமல் ஏறினார், அம்மாவும் சத்தம் போச்சுங்க என்றாள். நான் ஓரமாக நிறுத்தி, இண்டிகேட்டரைப் போட்டபடியே, இதுவும் இரண்டு வருஷமாகச் சத்தம் இல்லாமல் கிடக்கிறது, மாற்ற வேண்டும் என்றேன். அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நல்லாத்தானே டிக் டிக்குனு அடிக்குது என்றாள். நான் நம்பவில்லை. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, என் முழங்காலில் விரலால் தட்ட ஆரம்பித்தாள். அவள் தட்டத் தட்ட, டேஷ்போர்டில் பச்சை விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை. என் பக்கத்திலேயே ஒரு உலகம் இத்தனை நாளாக ஓடிக்கொண்டிருக்கிறது, நான் அதற்கு வெளியே உட்கார்ந்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. வீட்டு வாசல் மரத்தில் குருவி இன்னும் கத்துகிறதா என்று கேட்டேன். தினமும் கத்துது என்றாள். நான் அவை வேறு எங்கோ போய்விட்டன என்று நினைத்திருந்தேன்.

அம்மா கண்ணைத் திறந்து, நம்ம பொண்ணு போன்ல பேசுறது கேக்குமா உங்களுக்கு என்றாள். உண்மையைச் சொல்லிவிட்டேன். நேரில் முகத்தைப் பார்த்தால் புரியும், போனில் வெறும் இரைச்சல்தான், அதனால் நல்லதும்மா, ரொம்ப நல்லதும்மா என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனை அவளிடம் கொடுத்துவிடுவேன் என்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்புறம்தான் சொன்னாள். வேலை போச்சுப்பா, என்ன பண்றதுன்னே தெரியலப்பா என்று நீ என்னோடு கடைசியாகப் பேசிய அன்று சொன்னாயாம். அவளிடம்கூட இல்லை, முதலில் என்னிடம். அதற்கு நான் ரொம்ப நல்லதும்மா என்று சொல்லிப் போனை நீட்டியிருக்கிறேன். பாவி நான். குத்திக்காட்டுகிறேன் என்றுதானே நினைத்திருப்பாய், அந்த வேலைக்குப் போகாதே என்று முதலில் தடுத்தவன் வேறு. இல்லை கண்ணு. எனக்குக் கேட்கவில்லை. கேட்கவில்லை என்று ஒத்துக்கொள்ள வெட்கப்பட்டேன், அதுதான் தப்பு.

புதன்கிழமை காது டாக்டரிடம் போகிறோம். அம்மா கூட வருகிறாள், நான் வழியில் மனசு மாறிவிடக் கூடாதாம். நீ தைரியமாக இரு, போன வேலையைவிட நல்ல வேலை அமையும், எங்கள் இரண்டு பேருடைய ஆசியும் எப்போதும் உனக்கு உண்டு. காலைச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. மறக்காமல் ஒன்று மட்டும் செய். அன்று போனில் சொன்னதை எனக்கு எழுத்தில் சொல், முதலிலிருந்து. அதுதான் அம்மா சொல்லிவிட்டாளே என்று விட்டுவிடாதே, அது நீ எனக்கென்று சொன்ன சேதி. இந்தத் தடவை அப்பா சரியான பதில் சொல்கிறேன்.

இப்படிக்கு,
பதிலுக்குக் காத்திருக்கும்
உன் அப்பா