மேடையில் சொல்லாமல் விட்டது

மே 6, திங்கள்

நகர மண்டபத்தில் இன்று பேசினேன். பேசினேன் என்பதா, படித்தேன். போன வருடத்திலிருந்தே எங்கள் ஆஸ்பத்திரியின் பிரசவப் பிரிவு சனி, ஞாயிறில் பூட்டித்தான் கிடக்கிறது. இப்போது ஒரேயடியாக மூடப்போகிறார்களாம். மெல்பர்ன் அதிகாரிகள் முன்னால் மூன்று பக்கம் படித்தேன். இரண்டாம் பக்கத்திலேயே ஒருவர் கைபேசியை எடுத்துவிட்டார்.

மாட்டுச் சந்தையில் ஏலம் விடும் நோயல் வெளியே என்னைப் பிடித்துக்கொண்டான். "கிளெம், தீவன மூட்டை மேல அச்சடிச்சிருக்கிறதைப் படிச்ச மாதிரி இருந்துச்சுப்பா."

மே 9, வியாழன்

சந்தையில் நோயலிடம் முதல் பாடம். "தாளைக் கீழ போடு. ஒருத்தன் கண்ணைப் பாரு. நிறுத்து. அவனுக்கே பொறுக்காம ஆகும் பாரு, அப்ப அடுத்த வார்த்தையை விடு."

மே 19, ஞாயிறு

கணக்கும் கிலோமீட்டரும் யாரையும் அசைக்காது என்கிறான் நோயல். "உன் வீட்டுல நடந்ததைச் சொல்லு."

பிரையனியிடம் கேட்க வேண்டும். என் மகள் அவள், அவள் பட்ட வலி. அதை நான் எடுத்துப் பேசலாமா?

மே 25

இன்னும் கேட்கவில்லை.

ஜூன் 3, திங்கள்

தாள் இல்லாமல் பேசினேன். பிரையனிக்கு வலி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, பூட்டிய கதவைத் தாண்டி அடுத்த ஊருக்கு நூறு கிலோமீட்டர், பின்சீட்டில் அவள் கத்தியது, பாதி வழியில் பிறந்த பையன் மூச்சுவிடாதது - எல்லாம். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினேன். மண்டபமே அழுதது. எழுந்து நின்று கைதட்டினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது, அதை மறைப்பானேன்.

கடைசி வரிசையில் பிரையனி. அவள் வருவாள் என்று நான் நினைக்கவே இல்லை. கைதட்டல் முடியுமுன் போய்விட்டாள்.

ஜூன் 4

பால் கறக்கும் கொட்டகைக்கே வந்துவிட்டாள்.

"நான் கத்தினதைச் சொன்னீங்க. எங்க நிறுத்துனா எல்லாரும் அழுவாங்கன்னு பழகிட்டு வந்து சொன்னீங்க. மூணு மணிக்கு வலி வந்துச்சுன்னு சொன்னேனே, 'கறந்து முடிச்சிடறேன், பொறும்மா'ன்னீங்களே, அதை ஏம்ப்பா சொல்லல?"

நான் அடுத்த மாட்டின் மடிக்குக் குனிந்தேன்.

ஜூன் 13

ஒன்றரை மணி நேரம். நூற்றெண்பது மாடு. கறக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மடியில் பால் கட்டியிருக்கும். அவ்வளவுதானே. அவ்வளவுதான்டா, கிளெம்!

ஜூன் 22, சனி

பிரையனி வீட்டுக்குப் போனேன். திங்கட்கிழமை கடைசிக் கூட்டம், பேசக் கூப்பிடுகிறார்கள், நீ வேண்டாம் என்றால் போகமாட்டேன் என்றேன். வாசலிலேயே நின்றாள்.

"பேசுறதுன்னா முழுசா பேசுங்க."

ஜூன் 24, திங்கள்

முழுசாகப் பேசினேன். எங்கே நிறுத்துவது என்று யோசிக்கவே முடியவில்லை, குரல் தானாக நின்றுவிட்டது. "கதவு பூட்டியிருந்தது உங்க தப்பு. அந்தக் கதவுக்கே தாமதமா போனது என் தப்பு. என்னைப் போல ஆளு எல்லா ஊர்லயும் இருக்கான். அதனாலதான் ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்கணும்" என்று சொல்லி உட்கார்ந்தேன். யாரும் கைதட்டவில்லை.

மூடுவதை ஒரு வருடம் தள்ளி வைப்பதாகக் கூட்ட முடிவில் அறிவித்தார்கள். நோயல் என் பக்கம் வரவில்லை.

பிரையனியும் கூட்டத்துக்கு வந்திருந்தாள்; வண்டி நிறுத்துமிடத்தில் என் காரின் பின்கதவைத் திறந்தாள். கொஞ்ச நேரம் அந்த சீட்டைப் பார்த்தபடி நின்றாள். பிறகு அதை மூடிவிட்டு, முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"அவனுக்குப் பேரு வெச்சிருந்தேன்ப்பா" என்றாள். "நீங்க கேட்கவே இல்ல."

கேட்டேன்.