பல் மருத்துவரின் மஞ்சள் சுவர்

அன்புள்ள சின்னவளுக்கு,

போன செவ்வாய்க்கிழமை நம் கடையில் உன் அம்மா வெள்ளை பெயிண்ட் என்று சொல்லி மஞ்சளைக் கலந்து கொடுத்துவிட்டாள். மற்றபடி இங்கே இருவரும் சுகம், நீயும் சுகம்தான் என்று நீ அனுப்பும் கட்டைவிரல் படத்திலிருந்து தெரிந்துகொள்கிறோம். இதையும் போனில் அனுப்பினால் அதே கட்டைவிரல்தான் வரும் என்பதால் காகிதத்தில் எழுதுகிறேன், உட்கார்ந்து படி.

பெயிண்ட் வாங்கியவர் எதிர்வரிசைப் பல் மருத்துவர். நோயாளிகள் காத்திருக்கும் அறை முழுக்க இரண்டு கோட் அடித்துவிட்டு, காய்ந்த பிறகு வந்து நின்றார். "அண்ணே, வர்றவங்க செவுத்தப் பாத்துட்டு, மொதல்ல இதுக்குப் பல்லு வெளக்கி விடுங்கன்னு சொல்றாங்க" என்றார். அம்மா அசருவாளா? மிச்ச டப்பாவைத் திறந்து பார்த்து, "வெள்ளதான் தம்பி இது, உங்க ரூம்ல லைட்டு சரியில்ல" என்று அவருக்கே வைத்தியம் சொன்னாள். எந்திரம் இல்லாமல், கொண்டுவரும் சுவர்ச் சில்லைக் கண்ணால் பார்த்தே அதே நிறத்தைக் கலந்து கொடுப்பவள் அவள். நம் கடைக்குக் கூட்டம் வருவது அந்தக் கண்ணுக்காக, என் முகலட்சணத்துக்காக இல்லை. அந்தக் கண்ணில் புரை விழுந்து இரண்டு வருஷமாகிறது. வெள்ளைக்கும் வெளிர்மஞ்சளுக்கும் இனி வித்தியாசம் தெரியாது, இன்னும் முற்றவிட்டால் எடுப்பதும் கஷ்டம் என்று கண் டாக்டர் போன வருஷமே சொல்லிவிட்டார். அடுத்த வாரமே எடுத்துவிடலாம் என்று அவர் சொன்னதற்கு உன் அம்மா சொன்ன பதில், "சின்னவ வரட்டும் டாக்டர்."

சின்னவளும் வந்துகொண்டேதான் இருக்கிறாள். முதல் தடவை பயணம் போஸ்ட்போன் ஆனது. அடுத்தது டிஃபர். மூன்றாவது ரீஷெட்யூல். போன மாதம், "புட் ஆஃப் பண்ண வேண்டியதாப் போச்சுப்பா" என்று எழுதியிருந்தாய். ஒவ்வொரு முறையும் புது வார்த்தையாக இருக்கிறதே, நாலும் நாலு சங்கதி போலிருக்கிறது, படிக்காத நாம் அவசரப்பட்டுத் திட்டக் கூடாது என்று ஸ்டேஷனரி கடையில் பேரம் பேசி ஒரு குண்டு அகராதி வாங்கினேன். புட் ஆஃப் என்றால் தள்ளிப்போடுவதாம். சாக்குச் சொல்லி ஆளைச் சமாளித்து அனுப்புவதற்கும் அதே சொல்லாம். ஒருவருக்கு இருந்த ஆசையை விட்டுப்போகச் செய்வதற்கும் அதேதானாம். ஒரே டப்பாவில் மூன்று நிறம், நம் கடையில்கூட இந்த வசதி கிடையாது. கீழே இதே பொருள் தரும் சொற்கள் என்று ஒரு வரிசை, நீ அனுப்பிய மூன்றும் வரிசை தப்பாமல் அங்கே நின்றன. ஷெல்வ், அதாவது ஷெல்ஃபில் தூக்கி வைப்பது, என்று இன்னொன்று பாக்கி இருக்கிறது, அடுத்த தடவைக்கு உதவும். ஆனால் ஷெல்ஃபிலேயே விட்ட பெயிண்ட் மேலே தோல் கட்டும், அடியில் கல்லாகும், அகராதி எழுதியவருக்கு அது தெரியவில்லை.

இத்தனையையும் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன், உன்மேல் கோபம் வரும் என்று. வந்தது, என்மேல். "அவ இங்கிலீஷ்ல நாலு சொன்னா, என் கண்ணுக்கு நீங்க தமிழ்ல எத்தன சொன்னீங்க? சீசன் முடியட்டும், சரக்கு வரட்டும், கொஞ்சம் மழ விடட்டும். அதையும் ஒரு புஸ்தகமாப் போடுங்க, நல்லா விக்கும்" என்றாள். முப்பது வருஷம் வியாபாரத்தில் எத்தனையோ பேரை மடக்கியிருக்கிறேன், அன்றைக்கு அகராதியைத்தான் மடக்கி வைத்தேன். நீ வருவாய் என்று அவள் காத்திருந்தது எனக்கும் வசதியாகத்தான் இருந்திருக்கிறது, கடையைப் பூட்ட வேண்டியிருக்கவில்லை. தள்ளிப்போடுவதை நீ எங்கே படித்தாய் என்று அகராதி பார்க்காமலேயே தெரிந்துவிட்டது.

அன்றைக்கே கண் டாக்டரிடம் போய் நாள் குறித்தோம், அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி. நீ வந்தாலும் வராவிட்டாலும் அன்றுதான். வேளாவேளைக்குச் சாப்பிடு, கம்ப்யூட்டரை முறைத்து முறைத்து நீயும் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. என் ஆசியும் அம்மாவின் ஆசியும் எப்போதும் உன்கூட இருக்கிறது, அதை மட்டும் நாங்கள் ஒருநாளும் தள்ளிப்போட்டதில்லை.

உன் அப்பா

பி.கு.: சம்மதிப்பதற்கு அம்மா போட்ட நிபந்தனைகளை அவள் சொன்னபடியே எழுதுகிறேன். கடை பத்து நாள் பூட்டு. சொட்டு மருந்து நாளைக்கு நாலு வேளை, என் கையால், சிடுசிடுக்காமல். பல் மருத்துவருக்கு இரண்டு கோட் வெள்ளை, இலவசம், ஆனால் கலப்பது அவள்தான், கட்டுப் பிரித்த பிறகு, அதுவரை அவர் மஞ்சளோடு இருக்கட்டும். உன்னிடம் கேட்பது ஒன்றே ஒன்று: ஒரு தேதி. வார்த்தை வேண்டாமாம், எண்ணில் எழுதினால் போதுமாம்.