கூப்பிட்டால் வராத கும்பாங்

சுங்கை தாராப்
ஷஃபான் பிறை 12

அன்பு மகன் ரிஸ்மானுக்கு அம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எனக்கும் அப்பாவுக்கும் உன் மாமாவுக்கும் அல்லாஹ் ஒரு குறையும் வைக்கவில்லை, என் முழங்கால் மட்டும் மழை வருமுன்பே சேதி சொல்லிவிடுகிறது. கடல் தாண்டிச் சோரோங்கில் நீயும் உன் சோற்றுக் கடையும் அதே போலச் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். தொலைபேசிக் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்று பேச எனக்கு வாய் வருவதில்லை, அதனால் எழுதுகிறேன். இருமல் நின்றதா? ரெண்டாங் கறி கிண்டும்போது அடுப்புக்கு நேரே முகத்தைக் கொடுத்துக்கொண்டு நிற்காதே, காற்று பார்த்துப் பக்கவாட்டில் நில். நோன்புக்கு இன்னும் பதினெட்டு நாள்தான். அப்பா வாசலில் சத்தம் போட்டு, நீ அன்றே பேருந்து ஏறிப் போனபின் இரண்டு பெருநாள் கழிந்துவிட்டது, இது மூன்றாவது. வருவாயா மாட்டாயா என்பதுதான் எனக்கு ராத்திரி பகல் யோசனை. ஆனால் முதலில் நாய்க் கதையைக் கேள், அதைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது.

போன வருஷம் பன்றி வேட்டைக்கென்று ஜாவாவிலிருந்து லாரியில் வந்த நாய்களில் ஒன்றை அப்பா பிடித்துக்கொண்டு வந்தார், கருவண்டு நிறம், அதனால்தான் கும்பாங் என்று பெயர் வைத்தார். அன்றிலிருந்து வீட்டில் அதற்குத்தான் ராஜ உபசாரம். விடிந்தால் இரண்டு வாத்து முட்டை, மேலே தேன். எனக்கு ஒரு முட்டை எடுத்துவைத்த ஞாபகம் இந்த முப்பது வருஷத்தில் இல்லை. பிறகு அதைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு காப்பிக் கடைக்குப் போவார், ஊர் ஆண்பிள்ளைகள் எல்லாரும் நாயும் கையுமாக அங்கேதான், ஆளுக்கொரு வித்தை சொல்லி அனுப்புவார்கள். நாய்க்கு முன்னால் எஜமான் சாப்பிட வேண்டுமாம், வாசல்படியை அவன்தான் முதலில் தாண்ட வேண்டுமாம், கண்ணுக்குக் கண் முறைத்து அது பார்வையைத் தாழ்த்தும்வரை இமைக்கக் கூடாதாம், அப்போதுதான் தலைவன் யார் என்று அதற்கு விளங்குமாம். இவர் முற்றத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து முறைப்பார், அது கொட்டாவி விடும். "முப்பது வருஷமா என்னை முறைச்சு என்னத்தைக் கண்டீங்க, இப்ப அதைப் போட்டு முறைக்கிறீங்க" என்று கேட்டேன். "உனக்கு இதெல்லாம் புரியாது, அதட்டுற குரலுக்குத்தான் நாய் நிக்கும்" என்றார். அந்தக் கொட்டாவி தூக்கத்தில் வருவதில்லை, பயத்தில் வருவது என்று உன் மாமா பிற்பாடு சொல்லித்தான் எனக்கே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை வேட்டையில் கும்பாங் நன்றாகத்தான் ஓடியது. மாமாதான் இப்போது வேட்டைத் தலைவர், அவர் கை காட்டாமல் யாரும் கயிற்றை அவிழ்ப்பதில்லை. பன்றி அடங்கியபின் கூப்பிட்டால் எல்லா நாயும் எஜமானிடம் வந்து நிற்கும், இது மட்டும் இருபதடி தள்ளி நின்று அப்பாவையே பார்த்துக்கொண்டிருக்குமாம். இவர் ஓரடி வைத்தால் அது ஓரடி பின்னால் போகும். தொண்டை கிழிய அதட்டியபின் வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு வரும், வந்ததும் தாமதமாக வந்ததற்குக் கயிற்றாலேயே நாலு சாத்து. காப்பிக் கடையில் சும்மா விடுவார்களா, "யூர்னாலிஸ் அண்ணே, நீங்க நாயைக் கூட்டிட்டுப் போறீங்களா, நாய் உங்களைக் கூட்டிட்டுப் போகுதா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். அந்தக் கோபமும் சேர்ந்து அடுத்த வாரம் ஐந்து சாத்து விழும்.

மாமாவால் இதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஆனால் தங்கை புருஷனை முகத்துக்கு நேரே திருத்துகிற வழக்கம் நம்மிடம் ஏது? உன்னை அவர் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், நீ தங்கை பிள்ளை. அப்பாவை ஒரு சொல் சொல்லக் கூடாது. அதனால் ஒரு சாயங்காலம் தன் கிழட்டு நாய் மானிஸையும் கூட்டிக்கொண்டு வந்து, அப்பா எதிரே காப்பி குடித்தபடி அதற்கு உபதேசம் செய்தார். "ஏண்டி மானிஸ், நீ லேட்டா வந்தா நான் அடிப்பேனாடி? அடிச்சா, லேட்டுக்கு அடிச்சான்னா நினைப்ப? வந்ததுக்கு அடிச்சான்னுதானடி நினைப்ப. அப்புறம் எந்த நாய்டி வரும்?" என்று கேட்டார். அப்பா மீசையைத் துடைத்துக்கொண்டு, "மச்சான், உங்க நாய்க்கு ரொம்பத்தான் செல்லம் குடுத்து வச்சிருக்கீங்க" என்றார். எனக்கு அடுப்படியில் சிரிப்பை அடக்க முடியவில்லை, மாமா முகத்தைப் பார்த்தபின் சிரிப்பு நின்றுவிட்டது.

ரஜப் மாதக் கடைசி ஞாயிறு லிந்தாவ் பக்கம் வேட்டை. பன்றி கும்பாங்கின் தொடையைக் கிழித்துவிட்டது, அது ரத்தம் சொட்டச் சொட்டப் பிரம்பு முள்ளுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. மனிதர் நுழைய முடியாத முள். அப்பா கூப்பிட்டார், கூப்பிடக் கூப்பிட அது இன்னும் உள்ளே நகர்ந்ததாம். வெளிச்சம் போனபின் வண்டியில் வெறும் நாய்க்கூண்டோடு திரும்பி வந்தார், சோற்றுத் தட்டைத் தொடவில்லை. மறுநாள் பஜ்ரு தொழுகை முடிந்த கையோடு மாமாவும் அவரும் கிளம்பினார்கள். வழியில் மாமா, "என் மானிஸா இருந்தா நான் கத்த மாட்டேன், அது பாக்கிற இடத்துல முதுகைக் காட்டி உக்காந்துக்குவேன்" என்று யாரையும் பார்க்காமல் சொல்லியிருக்கிறார். இந்தத் தடவை அப்பா காதில் விழுந்தது. கயிற்றை மாமாவிடம் கொடுத்துவிட்டு முள்ளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாராம். கூப்பிடவில்லை, திரும்பவில்லை. வெயில் ஏறிக்கொண்டே இருந்தது, செத்துத்தான் போயிற்று என்று மனதுக்குள் முடிவே செய்துவிட்டாராம். நடுப்பகல் லுஹர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் முழங்கையில் ஈரமாக ஏதோ பட்டது, பார்த்தால் மூக்கு. "நான் தடவத்தான் கையைத் தூக்கினேன், அடிக்கப் போறேன்னு நினைச்சு அது கண்ணை மூடிக்கிச்சு. ஆனா ஓடல, ரோஸ்மானியார், அப்படியே இருந்துச்சு" என்று என்னிடம் சொன்னபோது அவர் குரல் நான் கேட்டுப் பழகிய குரலாக இல்லை.

அதை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். நாய் எச்சிலும் ரத்தமும் பட்ட நம் உடம்பை மார்க்கப்படி ஏழு தடவை கழுவ வேண்டும், ஒரு தடவை மண் குழைத்து. கொல்லைக் குழாயடியில் நான் ஊற்ற அவர் கழுவினார். நடுவில் கையை நிறுத்தி, "நம்ம பையன் அன்னிக்கு வந்தப்ப நான் முதல்ல என்ன சொன்னேன்?" என்று கேட்டார். எனக்கு அது மறக்குமா? பெருநாள் தொழுகைக்கு வருவதாகச் சொன்ன நீ கப்பல் தாமதத்தால் மூன்றாம் நாள் வந்து நின்றாய், தோள் பையைக்கூட இறக்கவில்லை, தெருவே பார்க்க, "இப்ப எதுக்குடா வந்தே, எவன் செத்துட்டான்னு வந்தே" என்று கேட்டார். அதையே அப்படியே திருப்பிச் சொன்னேன். எத்தனையாவது தடவை கழுவுகிறோம் என்று இரண்டு பேருக்கும் தப்பிப்போய்விட்டது, மறுபடி முதலிலிருந்து கழுவினோம்.

கும்பாங் இப்போது கொஞ்சம் நொண்டுகிறது, ஆனால் சாப்பிடுகிறது. அப்பா நாக்கைத் தட்டி ஒரு சத்தம் கொடுக்கிறார், அது அதன் இஷ்டத்துக்கு வருகிறது, எப்போது வந்தாலும் ஒரு துண்டு கருவாடு. காப்பிக் கடையில் கேலி இன்னும் ஓயவில்லை, அதை அவர் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிறார். உன்னையும் நாயையும் ஒரே கடிதத்தில் வைத்தேன் என்று கோபப்படாதே. நீயும் அந்த அப்பனுக்குப் பிறந்தவன்தானே, எனக்குத் துணி அனுப்புகிறாய், மாமாவுக்கு மருந்து அனுப்புகிறாய், மூன்று வருஷமாக நீயும் தள்ளி நின்றுதான் பார்த்துக்கொண்டிருக்கிறாய். எனக்கு நெஞ்சு வலிக்கிறது மகனே, அதை மறைத்து எழுத எனக்குத் தெரியாது. இந்த வீடு என் அம்மா வழியில் எனக்கு வந்த வீடு, இதன் கதவை உனக்குத் திறக்க நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

நோன்பில் விடியுமுன் ஸஹர் சாப்பிடாமல் இருந்துவிடாதே, வெறும் வயிற்றில் அடுப்படியில் நின்றால் மயக்கம் வரும். அல்லாஹ் உன் உடம்பையும் தொழிலையும் காத்து, உன் கால் எடுத்துவைக்கிற வழியெல்லாம் லேசாக்கட்டும். வரச் சொல்லி எழுதட்டுமா என்று அப்பாவிடம் கேட்டேன், வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுப் பேனாவைக் கேட்டார். என் கடிதத்தில் அவர் கை வைப்பது இதுதான் முதல் தடவை, மூன்று வரிக்கு அரை மணி நேரம் ஆயிற்று.

உன் அம்மா,
ரோஸ்மானியார்

மகனே, கும்பாங் பிழைத்துவிட்டது.
பெருநாளுக்கு முன்னாலோ பின்னாலோ, நான் வீட்டுக்குள்தான் உட்கார்ந்திருப்பேன்.
ஒன்றும் கேட்க மாட்டேன். — அப்பா