வாசல் ராஜா விழும் சத்தம்

ஜனவரி 11

அன்புள்ள குரங்குக்கு,

நலம்தானே? அம்மாவும் உன் வீட்டுக்காரியும் சௌக்கியம்னு நம்புறேன். நான் உயிரோட இருக்கேன், இப்போதைக்கு அவ்வளவுதான் சொல்ல முடியும். நாலு வருஷமா எங்க ஆபீஸ்ல எல்லாரையும் கசக்கிப் பிழிஞ்ச அந்த வீடியோ கேம் ஒருவழியா முடிஞ்சுபோச்சு. அடுத்த மாசம் வெளியே வருது.

போன்லயே சொல்லியிருக்கலாம். ஆனா நாம ரெண்டு பேரும் பேசினா யாராவது ஒருத்தர் பாதியில பட்டுனு வச்சிடுவோம். அதுக்குத்தானே அம்மா இந்தச் சட்டத்தையே போட்டாங்க, எதுவா இருந்தாலும் எழுதித் தொலைங்கன்னு. காகிதத்தைப் பட்டுனு வைக்க முடியாதுங்கிறது அவங்க கணக்கு.

அம்மா கேட்டா கதையைச் சொல்லு. பழைய கிரேக்கப் புராணங்களைக் கலந்து நாங்க பண்ணினது. செத்துப்போன அக்காவைக் கூட்டிட்டு வர பாதாளத்துக்கு இறங்குற தம்பியோட கதை. வழி முழுக்கச் சண்டை. வேணும்னே கஷ்டமா வச்சிருக்கோம். செத்தா மறுபடி ஆத்தங்கரையில இருந்து நடந்து வரணும்.

உன்னைக் கறுப்பு ரப்பர் உடுப்புல திணிச்சு, உடம்பெல்லாம் வெள்ளை உருண்டை ஒட்டி, சுத்திலும் கேமரா வச்சு, அட்டைக் கத்தியோட நிக்க வச்சது ஞாபகம் இருக்கா? "அம்மை போட்டவன் மாதிரி இருக்கேன்க்கா"ன்னு சொன்னியே, அதைச் சொல்லிச் சொல்லி இங்க இன்னும் சிரிக்கிறாங்க. அன்னிக்கு நீ அசைஞ்சதையெல்லாம் பதிவு பண்ணி கேம்ல ஒரு ஆளுக்குக் கொடுத்திருக்கோம், அந்த உழைப்பெல்லாம் உள்ளே இருக்கு. எங்கேன்னு சொல்ல மாட்டேன், நீயே கண்டுபிடி. கேமையும் அதை ஓட்டுற மெஷினையும் சேர்த்தே அனுப்புறேன்.

முழங்காலைப் பார்த்துக்கோ. படிக்கட்டுல வீரத்தைக் காட்டாதே.

உன் அக்கா

—

பிப்ரவரி 16

அன்புள்ள அக்காவுக்கு,

பொட்டி வந்துச்சு. அம்மா டிவியைத் துடைச்சு, சோபாவை இழுத்துப் போட்டு, ஏதோ பெரிய மனுஷன் வீட்டுக்கு வர்ற மாதிரி அமர்க்களம் பண்ணிட்டாங்க. "இதுக்குள்ளயா என் பிள்ளை இருக்கான்?"னு மெஷினைத் தட்டித் தட்டிப் பார்க்கிறாங்க.

கிடங்குல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். சொல்லாம இருக்க முடியுமா? உனக்கே தெரியும், சினிமாவுல அந்த மாடியில இருந்து குதிச்சு கால்ல தகடு வச்சதுக்கப்புறம் என்னை யாரும் சண்டைக்காரனா பார்த்ததில்ல. இங்க நான் மேசை நாற்காலிக்குச் சீட்டு ஒட்டி அனுப்புறவன். கட்டிலைத் தூக்கும்போது "அண்ணே நீங்க தள்ளி நில்லுங்க"ன்னு சொல்வாங்க. மரியாதையாத்தான் சொல்றாங்க, ஆனா அதுதான் எரியும். அதனால ஹீரோவோட உடம்பு என்னோடதுன்னு மார்தட்டிட்டேன். ஒரு தடவையாவது நான் யாருன்னு இவங்களுக்குத் தெரியட்டும்.

ஆனா இதென்னக்கா கொடுமை. ஆத்தங்கரையில இறங்கினதுமே ஒரு குருட்டுக் கிழவி கல்லெடுத்து அடிச்சே கொன்னுடுறா. எழுந்து போனா மறுபடி கிழவி. "உங்க அக்கா உங்க மேல என்ன கோவத்துல இதைச் செஞ்சாங்க?"ன்னு என் வீட்டுக்காரி கேக்குறா.

ஒரு சந்தேகம். ஹீரோ நடக்கிறது என் நடை மாதிரியே இல்ல. துள்ளித் துள்ளிப் போறான். என் வீட்டுக்காரியும் "இவன் வேற யாரோ"ங்கிறா. பன்னெண்டு வருஷமா என் பின்னாடி நடக்கிறவ, அவளுக்குத் தெரியாதா? கம்ப்யூட்டர்ல நடையை மாத்திடுவீங்களோ?

எங்க கிடங்குல சரக்கு தூக்குற ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுறவன் இந்த மாதிரி கேம்ல புலியாம். ஞாயித்துக்கிழமை வந்து கிழவியை ஒரு கை பார்க்கிறேன்னு சொல்லியிருக்கான்.

உன் குரங்கு

—

மார்ச் 2

அன்புள்ள குரங்குக்கு,

கிழவிகிட்ட அடி வாங்கினதைப் படிச்சு ஆபீஸ்ல சத்தமா சிரிச்சுட்டேன். அவ கல்லை எடுக்கிறதுக்கு முன்னாடி தலையைச் சாய்ப்பா, கவனி. சண்டைப் பிரிவுக்கு நான்தானே தலைமை, நான் போட்ட முதல் விதியே அதுதான். எந்த எதிரியா இருந்தாலும் அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சைகை காட்டணும். காட்டாம அடிச்சா அது கஷ்டம் இல்ல, துரோகம்.

நடை விஷயம். உன்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும், வேலை மும்முரத்துல விட்டுப்போச்சு. ஹீரோவுக்கு ஜிம்னாஸ்டிக்ஸ் பண்ற ஒரு ஆளைப் போட்டுட்டாங்க. அவன் சுவத்துல ஏறுறான், பல்டி அடிக்கிறான். நீ அவனைவிட நல்லா சண்டை போடுவே, அதுல சந்தேகமே இல்ல. ஆனா ஓடணும்னு வந்தா உன் கால் இடம் கொடுக்கல. அது உனக்கே தெரியும்.

நீ வாசல் ராஜா. பாதாளத்தோட கடைசி வாசலைக் காக்கிற வெண்கல மனுஷன். அவனைத் தாண்டினாத்தான் அக்காவைப் பார்க்க முடியும். உலகம் பூரா அவன்கிட்ட உதை வாங்கி அழுதுட்டு இருக்கு. ஹீரோவைப் பத்தி ஒருத்தரும் பேசல, ராஜாவைப் பத்தித்தான் பேச்சு. இதைவிடப் பெருமை என்ன வேணும்? உன் கிடங்குல போய் தைரியமா சொல்லு.

முகத்தைத் தூக்கி வச்சுக்காதே. அம்மாவுக்கு என் அன்பு.

உன் அக்கா

—

மார்ச் 20

அக்காவுக்கு,

ஃபோர்க்லிஃப்ட்காரன் ரெண்டு ஞாயித்துக்கிழமை வந்து கஷ்டப்பட்டு வாசல்வரைக்கும் போயிட்டான். ராஜாவைப் பார்த்தேன். முதல்ல பெருமையாத்தான் இருந்துச்சு. அந்தத் தோள் என் தோள். கத்தியை இடது கைக்கு மாத்திப் பிடிக்கிறது நான் சினிமாவுல பண்ணினது. என் வீட்டுக்காரி, "பாருங்க, நீங்களே, நீங்களே"ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டா.

அப்புறம் ஃபோர்க்லிஃப்ட் சொன்னான், "அண்ணே, இவனை ஜெயிக்க ஒரே வழிதான். பெரிய அடி அடிக்கிறதுக்கு முன்னாடி இடது முழங்கால் லேசா நடுங்கும். அப்ப அங்க போட்டுடணும். எல்லாரும் அப்படித்தான் கொல்றாங்க." சொல்லிட்டு என் காலைப் பார்த்தான். நாற்காலியில இருந்து எழுந்திருக்கும்போது எனக்கு நடுங்குமே, தினமும் பார்க்கிறவன்தானே அவன். அவன் பாவம், பாதியில நிறுத்தவும் தெரியாம போட்டுத் தள்ளிட்டான். ராஜா விழுந்தான்.

அம்மா சமையலறையில இருந்தாங்க. ஈரக் கையோட ஓடி வந்தாங்க. "என்னடா ஆச்சு, எங்கடா விழுந்தே?"ன்னு கேட்டு என் காலைத் தடவுறாங்க. நான் சோபாவுல உட்கார்ந்திருக்கேன். "ஒண்ணுமில்லம்மா, டிவியில"ன்னு சொன்னேன். அம்மா நம்பல. "அக்கான்னு கத்தினியே, என் காதுல விழுந்துச்சே"ங்கிறாங்க.

உங்க ஸ்டூடியோவுல என்னைப் பதிவு பண்ணின கடைசி நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். சாப்பாட்டுக்கு விடப்போற நேரம். தகடு உள்ளே இடறி, நான் நிஜமாவே விழுந்தேன். நடிக்கல. நீ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தே. சின்ன வயசுல மரத்துல இருந்து விழுந்தா யாரைக் கூப்பிடுவேனோ அவளையே கூப்பிட்டேன். நீ வந்தே, தண்ணி கொடுத்தே, ஐஸ் வச்சே. எனக்கு வெக்கமா இருந்துச்சு, "இது பதிவாயிடுச்சா?"ன்னு கேட்டேன். "கேமரா ஓடலடா, கவலைப்படாதே"ன்னு சொன்னே.

இப்ப கிடங்குல புதுசா சேர்ந்தவங்க என் முன்னாடி ராஜா விழும்போது வர்ற அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்டுறாங்க. என்னோடதுன்னு தெரியாமத்தான். போன்ல பார்த்தேன், எங்கெங்கயோ இருக்கிறவங்கெல்லாம் முழங்காலைப் பிடிச்சுட்டு "அக்கா"ன்னு கத்தி விழுந்து சிரிக்கிறாங்க.

ஹீரோ வேணாம். ராஜாவாவே இருக்கேன், கால்லயே அடிக்கட்டும். அந்த விழுறதை மட்டும் எடுத்துடு. மாசா மாசம் ஏதோ திருத்தம் அனுப்புறீங்களே, அதுல எடுத்துடலாம்னு ஃபோர்க்லிஃப்ட் சொல்றான். வேற யாரையாவது விழ வச்சு அதைப் போடு. இதைத் தவிர நான் உன்கிட்ட ஒண்ணும் கேட்டதில்ல.

தம்பி

—

ஏப்ரல் 4

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படிச்சு அழுதேன். அதை முதல்ல சொல்லிடுறேன், ஏன்னா இதுக்கு மேல எழுதறது உனக்குப் பிடிக்காது.

ராஜாவோட கால் விஷயத்துல என் மேல பழி போடாதே. அது புராணத்துலயே இருக்கு. உடம்பெல்லாம் வெண்கலமா இருந்து, கால்ல மட்டும் உயிர் ஓடுற ஒருத்தனைப் பத்தின கதை ஆயிரக்கணக்கான வருஷமா இருக்கு. நான் அதை எடுத்துக்கிட்டேன். அது உன் காலோட ஒத்துப்போச்சு.

விழுறது வேற. அதை ஒத்துக்கிறேன். உனக்கு முன்னாடி எத்தனையோ பேரை விழ வச்சுப் பார்த்தோம். எல்லாரும் நடிகன் மாதிரி விழுந்தாங்க. கையை எங்க ஊணணும்னு உடம்பு முன்கூட்டியே யோசிச்சுடும். நீ விழுந்தப்ப உன் உடம்பு யோசிக்கல. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ன எனக்கு முதல்ல தோணினது, இதுதான் வேணும், கிடைச்சிடுச்சுன்னுதான். அப்புறம்தான் உன் கால் ஞாபகம் வந்து ஓடி வந்தேன். கேமரா ஓடிட்டுத்தான் இருந்துச்சு. வாய்கிட்ட ஒட்டியிருந்த மைக்கும் ஓடிட்டு இருந்துச்சு.

மேலிடத்துல கேட்டேன், மறுத்துட்டாங்கன்னு உனக்கு எழுதியிருக்கலாம். நீயும் நம்பியிருப்பே. ஆனா எடுக்கிற அதிகாரம் என்கிட்டத்தான் இருக்கு, நான் எடுக்க மாட்டேன். இத்தனை வருஷமா நான் செஞ்சதெல்லாம் பொம்மைச் சண்டை. இது ஒண்ணுதான் நிஜம். சிரிக்கிறவங்களை மட்டும் பார்த்துட்டு எழுதுறே. அந்த ராஜா விழுறப்ப கன்ட்ரோலரைக் கீழே வச்சுட்டு அழுதவங்க எனக்கு எழுதுறாங்கடா. யாருன்னே தெரியாத உன்னைப் பார்த்து அழுறாங்க. சினிமாவுல அத்தனை மாடியில இருந்து குதிச்சியே, உன் முகம் தெரிஞ்சுதா? ஒருத்தராவது அழுதாங்களா?

கடைசியில ஓடுற பேர்களோட உன் பேரும் வருது. கேமை முடிச்சா பார்க்கலாம்.

அம்மாகிட்ட நான் வேற மாதிரி சொல்லிக்கிறேன். கோவம் ஆறினதும் எழுது. நீ எழுதாம இருக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும்.

என்றும் உன் அக்கா

—

மே 19

மேலே யாருக்குன்னு எழுதாம விட்டதைக் கவனிச்சிருப்பே. எழுத உட்கார்ந்தேன், பேனா ஓடல. உன்னைக் கூப்பிட எனக்கு இருந்தது அந்த ஒரு சொல்லுதான். இப்ப அதைக் கேட்டா கிடங்குல சிரிப்பு வருது. கீழே விழுந்தா இனி யாரைக் கூப்பிடறதுன்னு யோசிச்சு வச்சுக்கணும்.

உன் கடிதத்தை நல்லாத்தான் எழுதியிருக்கே. புராணத்துல கால் இருக்கட்டும். என் குரல் எந்தப் புராணத்துல இருக்கு? அடிக்கிறதுக்கு முன்னாடி சைகை காட்டணும்னு கிழவிக்குக்கூட விதி போட்டியே. எனக்கு ஏன் காட்டலை? ஐஸ் கட்டியை என் கால்ல வச்சுட்டு தலையைத் தடவிக் கொடுத்தே. அப்பவே உனக்குத் தெரியும், இதை எங்க போடப்போறேன்னு.

சினிமாவுல என் முகம் தெரியலதான். ஆனா ஒவ்வொரு தடவையும் "குதிக்கிறியா?"ன்னு கேட்டுட்டுத்தான் குதிக்க வச்சாங்க.

நானே விளையாடிக் கத்துக்கிட்டேன். வேலை முடிஞ்சு வந்து உட்கார்ந்துடுவேன். கிழவியைத் தாண்டினேன், தலையைச் சாய்க்கிறப்ப விலகினா போதும், நீ சொன்னது சரிதான். ஆத்தைத் தாண்டினேன். ஃபோர்க்லிஃப்ட்டை உதவிக்குக் கூப்பிடல. இது நம்ம வீட்டுச் சண்டை, அவனுக்கு எதுக்கு.

வாசலுக்குப் போனதும் கொஞ்ச நாள் காலைத் தொடாமலே ஜெயிக்கப் பார்த்தேன். நடக்கல. நீ அப்படித்தான் செஞ்சு வச்சிருக்கே. அவன் என் தோளை வச்சுக்கிட்டு, என் கையால, என்னை வெட்டி வெட்டிப் போட்டான். சும்மா கத்தியை இறக்கிட்டு முன்னாடி நின்னும் பார்த்தேன். அப்பவும் வெட்டினான். அவனைக் குத்தம் சொல்ல முடியாது, அவனுக்கு என்ன தெரியும்.

நேத்து அம்மாவும் வீட்டுக்காரியும் வெளியே போயிருந்தாங்க. டிவி சத்தத்தைக் குறைக்காம வச்சுக்கிட்டேன். இடது முழங்கால் நடுங்கிச்சு. அடிச்சேன். ரொம்பச் சுலபமா இருந்துச்சு, உண்மையைச் சொல்லணும்னா சந்தோஷமாக்கூட இருந்துச்சு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னப்ப உனக்கு எப்படி இருந்திருக்கும்னு அப்ப புரிஞ்சுது.

அவன் விழுந்து உன்னைக் கூப்பிட்டான். நான் கன்ட்ரோலரைக் கையில வச்சுக்கிட்டு, அவன்கிட்ட குனியப் பார்த்தேன். ஒவ்வொரு பட்டனா அமுக்கினேன். ஓட ஒண்ணு இருக்கு, வெட்ட ஒண்ணு, குதிக்க ஒண்ணு. கீழே கிடக்கிறவனைத் தூக்கிவிட ஒண்ணு வைக்கலியே நீ. ஹீரோ அவனைத் தாண்டிப் போய் வாசல்ல நின்னுட்டான்.

மெஷினையும் கேமையும் அதே பொட்டியில கட்டி இதோட அனுப்பியிருக்கேன். அம்மாகிட்ட நீ வேற எதுவும் சொல்ல வேணாம், நானே நடந்ததைச் சொல்லிட்டேன். அவங்க போட்ட சட்டத்தை அவங்களே எடுத்துட்டாங்க. இனிமே எழுதணும்னு கட்டாயம் இல்ல.

கடைசியில ஓடுற பேர்கள்ல என் பேர் வருமான்னு பார்க்கல. வாசல் திறந்துச்சு. உள்ளே வெளிச்சம் தெரிஞ்சுது. இன்னும் கொஞ்சம் நடந்தா அங்க அக்கா நிப்பாளாம், தம்பிக்காக எத்தனையோ காலமா காத்துட்டு இருக்காளாம்.

நான் போகல. டிவியை அணைச்சுட்டேன்.