'பொறுமை' என்றொரு படம்

அன்பு வினி,

நான் சொல்லச் சொல்லப் பாதிரியாரின் தங்கை எழுதுகிறார்.

நேற்று ஊர் மண்டபத்தில் பிரம்ப்டன் அம்மாள் எடுத்த உன் புகைப்படத்தைப் பார்த்தேன். வெள்ளை அங்கி, தலையில் லில்லிப் பூ, மூடுபனி போட்டதுபோல மங்கல். படத்துக்குப் பெயர் 'பொறுமை'யாம்.

"உம்ம பொண்ணு தேவதை ஆயிட்டாளே, இனி பன்னிக்குத் தீனி வைப்பாளாய்யா?" என்று கொல்லன் சிரித்தான்.

"ஒரு கையை மறு கையால தாங்கிக்கிட்டுச் சாஞ்சு நிக்க நான் சொல்லவே இல்ல பெரியவரே. அவளாவே நின்னா, என்ன அழகு" என்றார் அம்மாள்.

ஏழு வயதில் மரத்திலிருந்து விழுந்து தோளெலும்பு முறிந்தபோது நீ இப்படித்தான் நின்றாய். இப்போது எந்த மரத்தில் ஏறினாய்?

இதை அம்மாளே உன் கையில் தருவார். சனிக்கிழமை உன் புருஷன் சந்தைக்குப் போனதும் வண்டியோடு வருவேன். மூட்டை கட்டாதே, ஒற்றைக் கையால் உன்னால் முடியாது.

உன் அப்பா