மூடாத கோடு

பிப்ரவரி 11

கோடு மூடவில்லை! மூன்றாவது முறையும் மூடவில்லை.

வேலை இதுதான். தட்டில் புற்றுநோய்ச் செல்களைப் பாய் விரித்த மாதிரி வளர்க்கிறோம். நடுவில் மெல்லிய முனையால் ஒரு கோடு கிழிக்கிறோம். மறுநாள் பார்த்தால் இரு பக்கத்துச் செல்களும் ஊர்ந்து வந்து கோட்டை மூடியிருக்கும். உடம்பில் அவை பரவுவதும் ஏறக்குறைய இந்தப் புத்தியால்தான். எங்கள் ஆய்வக மதிலில் படர்ந்திருக்கும் கொடியின் இலைச்சாற்றை விட்ட தட்டுகளில் மட்டும் ஒன்றுகூட அசையவில்லை. கிழித்த கோடு கிழித்தபடியே கிடக்கிறது.

ஆய்வகத் தலைவியிடம் காட்டினேன். நீளக் கழுத்து, யோசிக்கும்போது ஒற்றைக் காலில் நிற்பார் — நாங்கள் வைத்த பெயர் கொக்கு. "ம்" என்றார். கொக்கின் வாயிலிருந்து "ம்" வருவதே பெரிய விஷயம்.

பிப்ரவரி 13

வீட்டில் உளறிவிட்டேன். வாய் சும்மா இருக்குமா? அக்காவுக்கு மார்பில் அறுவை முடிந்து கீமோ ஓடிக்கொண்டிருக்கிறது. மாடி அறையைக் கொடுத்து என்னையும் வைத்துக்கொண்டிருக்கிற வீடு. அங்கே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கைபேசியில் படம் வேறு காட்டினேன். அத்தான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

"அப்போ இது பரவ விடாதுன்னு சொல்றியா?"

"தட்டுல விடல அத்தான். உடம்பு வேற. மருந்தாக வருஷக்கணக்குல ஆகும். ஆகாமலும் போகும்."

"தட்டுல இருக்கறதும் மனுஷ செல்லுதானே?"

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல? அக்கா சிரித்தாள். "என் பென்சிலை எல்லாம் திருடினவ, இப்ப என்னைக் காப்பாத்தப் போறாளாம்."

கை கழுவும்போது அத்தான் மெதுவாகக் கேட்டார், அந்தக் கொடி எந்தப் பக்கத்து மதிலில் இருக்கிறது என்று. சொன்னேன். ஏன் கேட்கிறார் என்று புரியாத அளவுக்கு நான் மக்கு இல்லை.

பிப்ரவரி 26

மிக்ஸி ஜாரின் அடியில் பச்சைக் கறை. ஈரச் சாக்கு வாசனை. எனக்குத் தெரிந்த வாசனை. தேய்த்துக் கழுவி வைத்தேன். யாரையும் எதுவும் கேட்கவில்லை.

பிப்ரவரி 27

ஏன் கேட்கவில்லை?

ஒருவேளை வேலை செய்தால் — அதனால்தான். ஆய்வகத்தில் யாராவது இந்த மாதிரிப் பேசினால் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருப்பேன். வீட்டுக்கு வரும்போது மூளையைக் கழற்றி அங்கேயே மாட்டிவிட்டு வருகிறேன் போல.

மார்ச் 10

வாசலில் இரண்டு தொட்டி. அதே கொடி. பூ வாடினால்கூடத் திரும்பிப் பார்க்காத மனிதர், குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மார்ச் 18

ஆஸ்பத்திரி. கல்லீரல் பரிசோதனை முடிவு தாறுமாறாக ஏறியிருக்கிறது. "இந்த நிலைமையில கீமோ ஏத்த முடியாது. லிவர் இறங்கட்டும்" என்றார் டாக்டர். பிறகு, "வேற ஏதாவது சாப்பிடுறீங்களா? கஷாயம், பொடி, இலை?"

அத்தான் முந்திக்கொண்டார். "ஒண்ணும் இல்ல டாக்டர்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் சுவரில் ஒட்டியிருந்த கை கழுவும் முறையைப் படித்துக்கொண்டிருந்தேன்.

வரும் வழியில் அத்தான் சொன்னார்: "அந்த கீமோதான் லிவரைக் கெடுக்குது. போனாப் போகட்டும். நம்ம இலை இருக்கு." நம்ம இலை!

மார்ச் 30

கீமோவை மறுபடியும் தள்ளிப் போட்டார்கள். அக்காவின் கண்ணெல்லாம் மஞ்சள். பாவி, நீ என்னடி பண்ணிட்டிருக்கே?

ஏப்ரல் 2

கொக்கு என் படங்களை எல்லாம் மேசையில் பரப்பி வைத்து ஒற்றைக் காலில் நின்றார். ஒரே கேள்விதான்.

"நகரலைங்கறே. உயிரோட இருந்துச்சா?"

முதலில் செய்ய வேண்டிய சோதனை அது. செத்த செல்லுக்குள் மட்டும் ஏறும் நீலச் சாயம் ஒன்று உண்டு. நேற்றுச் சேர்ந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். அதைச் செய்யாமல் நேராகக் கோட்டுக்குத் தாவியிருக்கிறேன். கோடு மூடாத அந்தப் படம் அவ்வளவு அழகாக இருந்தது, வேறெதையும் பார்க்கத் தோன்றவில்லை.

சாயத்தை விட்டுப் பார்த்தேன். தட்டு முழுக்க நீலம். ஒட்டிய இடத்திலேயே செத்துக் கிடந்தன. செத்தது எங்கே நகரும்?

"நல்ல கல்லீரல் செல்லுலயும் விட்டுப் பாரு" என்றார் கொக்கு. விட்டு வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அத்தான் டம்ளரை நீட்டிக்கொண்டிருந்தார். பிடுங்கிக் கொட்டினேன்.

"லிவருக்கு இப்போதைக்குச் சேராது அத்தான். கீமோ முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

இப்போதைக்கு. அப்புறம். எவ்வளவு சுலபமாக வருகிறது எனக்கு!

டாக்டருக்கு மட்டும் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஏப்ரல் 3

கல்லீரல் செல்களும் நீலம்.

ஏப்ரல் 25

கல்லீரல் முடிவு இறங்கிவிட்டது. ஆனால் புற்று முதுகெலும்புக்குப் போய்விட்டது. ஸ்கேனில் மூன்று இடம் தெரிகிறது. கீமோ இடையில் நிற்காமல் இருந்திருந்தால் என்று டாக்டரைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். "அப்பவும் வந்திருக்கலாம். வராமலும் இருந்திருக்கலாம். யாரும் அடிச்சுச் சொல்ல முடியாது."

இதைவிட என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

ஏப்ரல் 27

அக்காவிடம் சொல்லிவிட்டேன். தட்டு, நீலம், ஜாரைக் கழுவி வைத்தது, எல்லாம். துணி மடித்துக்கொண்டிருந்தாள். கடைசித் துண்டையும் மடித்து வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அவருக்குத் தெரியுமா?"

"இல்லக்கா."

"தெரியவே வேணாம். எனக்கு முன்னாடி எந்திரிச்சு, ஒவ்வொரு இலையா கழுவித் தொடைச்சு அரைச்சாரு மனுஷன். இத்தனை வருஷத்துல எனக்குன்னு சமையல்கட்டுக்கு வந்தது அப்பதான். அதுதான் என்னைக் கொன்னுச்சுன்னு அவர் காதுல விழக் கூடாது. சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

"உன்மேல கோவம் இல்லைன்னு சொல்ல மாட்டேன். நிறைய இருக்கு. இப்ப மேல போ."

மாடிக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கீழே அவள் இருமுவது கேட்டுக்கொண்டே இருந்தது.

ஜூன் 6

இன்று அவளாகவே கூப்பிட்டுத் தலை வாரிவிடச் சொன்னாள். வாருவதற்கு அங்கே என்ன இருக்கிறது? புதிதாக முளைத்த முடியில் சீப்பைச் சும்மா ஓட்டினேன். "வலிக்குதுடி, மெதுவா" என்றாள். பழைய அக்கா மாதிரியே சொன்னாள்.

ஆகஸ்ட் 14

அக்கா போய்விட்டாள்.

செப்டம்பர் 9

அத்தான் ஆய்வகத்துக்கே வந்துவிட்டார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். கையில் ஒரு துணிப்பை.

"தொட்டியில ரொம்பப் படர்ந்துடுச்சு. வீட்ல எதுக்கு? உன் ஆராய்ச்சிக்கு வச்சுக்கோ. வேற யார் வீட்டுக்காவது உதவட்டும்."

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார். "லிவர் லிவர்னு பயந்து இலையை நடுவுல நிறுத்தினோமே, அதுதான் தப்பாப் போச்சு. உன்னைச் சொல்லலை. நீ அவ நல்லதுக்குத்தான் சொன்னே. ஆனா நான் நிறுத்தாம குடுத்திருக்கணும்."

உண்மை நாக்குவரைக்கும் வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கொக்கு எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"குடுங்க அத்தான்" என்று பையை வாங்கிக்கொண்டேன். உள்ளே இலைகள், ஒவ்வொன்றும் கழுவித் துடைத்து, காம்பு கிள்ளி, ஒரே பக்கமாக அடுக்கியிருந்தன. அடுத்த வாரமும் கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.