மரப்பாலத்திடம் சொன்ன வார்த்தை

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். உங்க முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை முழுங்குறாரா, இல்ல இன்னும் தலையணைக்கடியில ஒளிச்சு வைக்கிறாரா?

இங்க கால்வாய் மேல ஆளுங்க நடந்துபோற பழைய மரப்பாலத்தைப் பிரிச்சுட்டு, இரும்புல புதுசு போட்டாச்சு. கடைசிப் பலகையை லாரியில ஏத்தினப்ப, பழக்கதோஷத்துல அதுகிட்ட "வரேன்"னு சொல்லிட்டேன். கூட இருந்த வெல்டர் விழுந்து விழுந்து சிரிச்சான்.

இப்ப வேலை முடிஞ்சு புதுப்பாலத்துல நடந்தா, எனக்குப் பின்னால பலகை கிறீச்சிடுது. நான் நின்னா அதுவும் நிக்குது. அங்க ஒரு துண்டு மரம்கூடக் கிடையாது. குளிர்ல இரும்பு சுருங்குற சத்தம்னு மேஸ்திரி சொல்றார். அப்படித்தான் இருக்கும், பயப்படாதீங்க.

நேத்து வெல்டரும் கூட வந்தான். பாதிப் பாலத்துல என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "போறேன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம்லடா"ன்னான். அவன் சிரிக்கலை.

காதை மூடுற மாதிரி குல்லா ஒண்ணு அனுப்புங்க. நீங்களே பின்னினதா இருந்தா நல்லது.

கம்பெனி வண்டி ஹாரன் அடிக்குது. சாயங்காலமானா வாசல்லயே நிக்கிறீங்களாமே, அக்கா சொன்னா. கிளம்பும்போது உங்ககிட்டயும் அதே வார்த்தையைத்தான் சொன்னேன். உள்ள போய் உக்காருங்கம்மா.

உங்க சின்னவன்